ஓட்டும் பழக்கம்

ஏப்ரல் 6

சின்னவளுக்கு,

உன் கண் பட்டுத்தான் எங்கள் வண்டி நடுரோட்டில் நின்றது.

கோபத்தில் எழுதவில்லை. கோபமெல்லாம் நேற்றே கத்தித் தீர்த்துவிட்டேன். நடந்ததைத்தான் எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். கடிதம் என்றால் கிழிப்பதற்காவது கையில் எடுப்பாய்.

நேற்று நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தோம். உன் மாமா ஓட்டினார். நான் பக்கத்தில். நடு வரிசையில் என் மாமியாரும் பெரியவனும் நடுவுள்ளவளும். குட்டி கடைசி சீட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, "அம்மா, இது வண்டி இல்ல, வீடு" என்று பாடிக்கொண்டிருந்தாள். பாலம் ஏறும்போது வண்டி ஒரு தடவை இருமியது. அவ்வளவுதான். மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. எங்களைத் தாண்டும்போது தலையை வெளியே நீட்டி, "இவ்ளோ பெரிய வண்டி வாங்கினா போதுமா, ஓட்டத் தெரிய வேணாமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். உன் மாமாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வேண்டாம், பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாய்.

என் மாமியார் அங்கேயே சொல்லிவிட்டார். "உன் தங்கச்சி அன்னைக்கு வாய வச்சா பாரு, அதான்."

வண்டி எடுத்த அன்று ஷோரூமில் எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்கிறோம், நீ மட்டும் பல்வலிக்காரி மாதிரி நின்றாய். சாவி கைக்கு வருகிற நேரத்தில் என் மாமியார் காதுபட, "அக்கா, இந்த மாடல் வேணாம், இப்பகூட வேற பாக்கலாம்" என்கிறாய். அந்த நேரத்தில் சொல்கிற பேச்சா அது?

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். நான் எதை வைத்திருந்தாலும் உனக்கு அதில் ஒரு ஓட்டை தெரியும். என் ஜடை நீளம் போதாது. என் கல்யாணப் புடவை சாயம் போகும். மாப்பிள்ளைக்குக் காது பெரிது. இப்போது வண்டி. வயிறு எரிவதற்கும் ஒரு அளவு இருக்கிறது.

எங்கள் வண்டியைப் பற்றி இனி யாரிடமும் வாயைத் திறக்காதே. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஏப்ரல் 13

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன்.

என் கண்ணுக்கு அத்தனை சக்தி இருந்தால் என் மேனேஜரைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன். உன் வண்டி வரைக்கும் வரவே மாட்டேன்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. உன் மாமியாரிடம் "கார் கம்பெனியில ஆபீசர்" என்று சொல்லி வைத்திருக்கிறாய். நான் தலைமை அலுவலகத்தில் புகார் மேசையில் உட்காருகிறேன். எந்த ஊரில் எங்கள் வண்டி நின்றாலும் அந்தத் திட்டு என் காதுக்கு வந்து சேரும். உன் மாடலுக்கு வருகிற திட்டை வாங்க மட்டும் தனியாக ஒருத்தியைப் போட்டிருக்கிறார்கள். அந்த ஒருத்தி நான்தான்.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். பேரப்பிள்ளைகளோடு ஊர் சுற்ற வாங்கினார். மேடேறினால் கியர் சூடாகி, பிடியை விட்டுவிடுகிறது. பல் டாக்டர் ஒருவர். மழை பெய்தால் கடைசி சீட்டில் தண்ணீர் நிற்கிறது. "அங்க மீன் வளர்க்கலாமா மேடம், கம்பெனி அனுமதிக்குமா?" என்று கேட்கிறார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி. இறங்கிப் பின்கதவைத் திறப்பதற்குள் நாலு கதவும் தானாகப் பூட்டிக்கொண்டன, குழந்தை உள்ளே. கல்லால் கண்ணாடியை உடைத்திருக்கிறாள். எனக்குப் போன் செய்தபோதும் அவளுக்கு மூச்சு வாங்கியது. இவர்களில் யாரையும் நான் பார்த்ததில்லை. யார் மேலும் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. வண்டிகள் நின்றுவிட்டன.

உன் மேல் வயிற்றெரிச்சல் உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன். நீங்கள் வண்டி எடுத்த அன்று பிடித்த போட்டோவைக் கம்பெனி பெரிதாக்கி, "மகிழ்ச்சியான குடும்பம்" என்று கீழே எழுதி, என் மேசைக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறது. நீ, மாமா, பிள்ளைகள், உன் மாமியார். என்னை வெட்டிவிட்டார்கள். ஓரத்தில் கதவுப் பிடிமேல் ஒரு கை மட்டும் தெரியும். அது என் கை. அதன் கீழே உட்கார்ந்துதான் நாள் முழுக்கத் திட்டு வாங்குகிறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா. மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான், முதுகு தேய்த்துவிடுவது நான். எதிர்வீட்டு அம்மாளிடம் அவள் பேசுவது உன் வண்டியை. "என் பெரியவ வண்டி உள்ள நின்னே புடவை கட்டலாம்" என்கிறாள். நான் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆக, எனக்குப் பொறாமை இருப்பதும் உண்மை, வண்டி மோசம் என்பதும் உண்மை. ஒன்று இருப்பதால் இன்னொன்று பொய்யாகிவிடாது. அந்த நேரத்தில் சொல்கிற பேச்சா என்கிறாயே. அதற்கு முந்தின மாதம் போனில் சொன்னேன். "உனக்கு ஸ்கூட்டர் பத்தித்தாண்டி தெரியும்" என்று வைத்துவிட்டாய். அன்றைக்குத்தான் பிளாக் செய்தேன்.

ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு சர்வீஸ் முடிந்ததும் கருத்து எழுதித் தரச் சொல்வார்களே, அந்தச் சீட்டுகளும் என்னிடம்தான் வரும். உன் சீட்டுகளைப் பார்த்தேன். "அருமையான வண்டி. ஒரு குறையும் இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் பொறாமைப்படுகிறார்கள்." மேனேஜர் அதைச் சத்தமாகப் படித்து மேசையைத் தட்டிச் சிரித்தார். அதே வாரம் உங்கள் வாசலில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல், பெரியவன் ஆட்டோவில் பரீட்சைக்குப் போனான் என்று குட்டி போனில் அம்மாவிடம் உளறியிருக்கிறாள். பிறகு ஏன் அப்படி எழுதினாய்?

உடனே புகார் எழுது. எழுத்தில் கொடு. அதுவரை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகாதே.

சின்னவள்


மே 2

சின்னவளுக்கு,

நீ சொன்னதற்காக இல்லை, உன் மாமா சொன்னதற்காக வண்டியை சர்வீஸுக்கு விட்டோம். டை கட்டிய ஒருத்தர் கம்ப்யூட்டர் வயரைச் சொருகிப் பார்த்துவிட்டு, "வண்டில ஒண்ணும் இல்ல சார். ஓட்டும் பழக்கம்தான்" என்றார். உன் மாமா மருந்துக் கம்பெனி வேலையில் ஊர் ஊராக வண்டி ஓட்டியே தலை நரைத்தவர்.

"அப்ப எனக்கு ஓட்டத் தெரியாதுன்றீங்களா?"

"அப்படிச் சொல்லல சார். பழக்கம்னுதான் சொன்னேன்."

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியை விரட்டினார். நான், "கொஞ்சம் மெதுவா" என்றதற்கு, "ஆமா, எனக்குத்தான் பழக்கமில்லையே" என்று எரிந்து விழுந்தார். இப்போதெல்லாம் சாவியை எடுப்பதற்கு முன்னால் பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொள்கிறார்.

சீட்டில் என்ன எழுதினால் உனக்கென்ன? நல்லதாகத் தோன்றியது, எழுதினேன். அதற்கும் உன்னிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

அம்மா என் வண்டியைப் பற்றியே பேசுகிறாள் என்று அழுகிறாய். பேச்சு எனக்கு, அம்மா உனக்கு. மாற்றிக்கொள்வோமா? அம்மாவின் இருமல் சத்தத்தில் எழுந்திருக்கிறவள் நீ. அவள் தலையில் எண்ணெய் வைக்கிறவள் நீ. நான் மாதத்துக்கு ஒரு தடவை போனில், "சாப்டியாம்மா?" என்று கேட்டு, "ம்" என்ற பதிலை வைத்துக்கொண்டு திருப்திப்பட வேண்டும். என் வீட்டில் ஒரே அறையில் மாமியாரும் அம்மாவும் ஒத்துவராது என்று எனக்காக நீயே முடிவெடுத்து, நல்ல மகள் பட்டத்தையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். என்னைக் கேட்டாயா?

எல்லோரும், "எதுக்கு இவ்வளவு பெரிய வண்டி?" என்று கேட்டார்கள். நாங்கள் ஐந்து பேர், என் மாமியார். ஏழாவது சீட் யாருக்கு என்று நீ ஒரு நிமிடம் யோசித்திருந்தால் ஷோரூமில் வாயைத் திறந்திருக்க மாட்டாய். அம்மாவுக்குத்தான் அது. அதுவும் பின்னால் இல்லை, முன்னால், ஜன்னலோரம். நான் கடைசி வரிசைக்குப் போய்விடுவேன்.

பள்ளிக்கூடம் விட்டாகிவிட்டது. இந்த மாதம் வந்து அம்மாவைக் கூட்டிப் போகிறேன். விடுமுறை முடியும்வரை என்னோடு இருக்கட்டும். மாமியாரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


மே 9

அக்கா,

அம்மா வரட்டும். அதில் எனக்கு வருத்தம்தான், ஆனால் வரட்டும். அந்த வண்டியில் வேண்டாம்.

உன் ஊருக்கும் என் ஊருக்கும் நடுவில் மலை இருக்கிறது. வாத்தியாரின் வண்டிக்கு என்ன ஆகிறது என்று முழுசாக எழுதுகிறேன். வளைவு வளைவாக ஏறும்போது கியர் சூடாகும். ஒரு இடத்தில் பிடியை விட்டுவிடும். அதோடு இன்ஜினும் அணைந்தால் பிரேக் கல் மாதிரி இறுகிவிடும், மிதித்தாலும் பிடிக்காது. ஸ்டியரிங்கும் அப்படித்தான். ஏழு பேர் கனத்தோடு வண்டி பின்னால் உருள ஆரம்பிக்கும். வாத்தியார் தப்பித்தது அவருக்குப் பின்னால் யாரும் வராததால். என்னிடம் அழுதுகொண்டே, "நான் பொய் சொல்ற ஆள் இல்லம்மா" என்றார்.

நான் அவரை என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு புகாரை மூட வேண்டும் என்றால் காரணம் ஒன்றைத் தொட வேண்டும். ஓட்டும் பழக்கம், சாலையின் நிலை, எரிபொருளின் தரம், வெளி மெக்கானிக் கை வைத்தது. அவ்வளவுதான் இருக்கிறது. வண்டியில் குறை என்று தொடுவதற்கு அங்கே இடமே கிடையாது. வாரக் கடைசிக்குள் மூடவில்லை என்றால் மேனேஜர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "ஏம்மா, அவங்க பக்கமா நம்ம பக்கமா?" என்பார். வாத்தியாருக்கு நான்தான் ஓட்டும் பழக்கம் என்று தொட்டேன். மாமாவிடம் அந்த டை கட்டியவர் சொன்ன வார்த்தை அவருடைய சொந்த வார்த்தை இல்லை. எங்கள் மேசையிலிருந்து போனது.

அம்மாவை நானே ரயிலில் கூட்டிவந்து உன் வீட்டு வாசலில் விடுகிறேன். உள்ளேகூட வர மாட்டேன். உன் மாமியாரிடம் நீயே ஜெயித்ததாகச் சொல்லிக்கொள். அந்த வண்டியை மட்டும் மலைக்கு எடுக்காதே.

சின்னவள்


மே 17

சின்னவளுக்கு,

அம்மா நேற்று எனக்குப் போன் செய்தாள். நீ குளிக்கப் போயிருந்த நேரமாம். "ரயிலு கியிலுன்னு சொல்றாடி, நான் மாட்டேன். நீ வண்டிய எடுத்துட்டு வா. தெருவே பாக்கட்டும்" என்றாள். இது அம்மாவின் வார்த்தை, நான் சேர்த்தது ஒன்றும் இல்லை.

நீ கதை நன்றாகக் கட்டுகிறாய். வாத்தியார், டாக்டர், குழந்தை. அம்மா உன் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது, அவ்வளவுதானே? அதற்கு எங்கள் உயிர்மேல் அக்கறை இருக்கிற மாதிரி எதற்கு நடிக்கிறாய்?

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். அம்மாவின் மாத்திரைகளைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வை.

அக்கா


ஜூன் 4

அக்கா,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் எதிரே உட்கார்ந்திருந்தும் நான் ஒன்றும் பேசவில்லை. நீ அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருப்பாய். "நான்தான் சொன்னேனே" என்று வாயில் வந்துவிடுமோ என்று பயந்தேன். அதனால்தான் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு எழுந்துபோனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்க்கிறேன். உன் வண்டி எங்கள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மாடியில் எல்லா ஜன்னலிலும் தலை. எதிர்வீட்டு அம்மாள் செருப்பில்லாமல் ஓடி வந்து கண்ணாடியில் முகம் பார்க்கிறாள். அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்தாள். நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். "அம்மா, இறங்கு" என்றேன். கண்ணாடியை இறக்கினாள்.

"வழிய விடுடி, பொறாமை புடிச்சவளே."

தெருவே சிரித்தது. நீயும் சிரித்தாய், கடைசி வரிசையில். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

நான் விலகிவிட்டேன். நின்றிருந்தால் அம்மா சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். அந்த ஒரு வார்த்தைக்காக விலகினேன். இன்னும் கொஞ்ச நேரம் பொறாமைக்காரியாகவே நின்றிருந்தால் மாமா இறங்கி வந்து ஏதாவது பேசியிருப்பார். அம்மாவின் இடுப்பு எலும்பு முறிந்திருக்காது.

மலையில் எந்த வளைவில் என்று மாமா சொன்னார். வண்டி பின்னால் உருண்டு சுவரில் இடித்து நின்றதும் அவர் முதலில், "யாருக்கு என்னாச்சு?" என்று கேட்கவில்லையாம். "நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று கேட்டாராம். அதைச் சொல்லிவிட்டு என் முன்னால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் தப்பு ஒன்றும் இல்லை என்று அவரிடம் சொல். நான் சொல்வதைவிட நீ சொன்னால் நம்புவார்.

சுவர் இல்லாத வளைவும் அந்த மலையில் இருக்கிறது, அக்கா. குட்டி பின்னால்தானே உட்கார்ந்திருந்தாள்?

சின்னவள்


ஜூன் 23

சின்னவளுக்கு,

அம்மாவை என் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டோம். முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறேன். உன் வீட்டு மாடிப்படி இனி அவளால் ஆகாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆக, அம்மா இனி என்னோடுதான். எதிர்பார்த்த மாதிரி சந்தோஷமாக இல்லை. ராத்திரி தூக்கத்தில் உன் பெயரைச் சொல்லித்தான் தண்ணீர் கேட்கிறாள்.

கம்பெனிக்குப் புகார் எழுதினேன், நீ சொன்ன மாதிரி எழுத்தில். பதில் வந்துவிட்டது. காரணம்: ஓட்டும் பழக்கம். அதோடு என் சீட்டுகளின் நகல்களையும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு சர்வீஸுக்கும் நான் எழுதியது. ஒரு குறையும் இல்லை, ஒரு குறையும் இல்லை என்று. வாடிக்கையாளரே வாகனத்தில் குறை இல்லை எனத் தம் கைப்படத் தொடர்ந்து உறுதி செய்துள்ளதால், என்று எழுதியிருக்கிறார்கள்.

ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டாயே. நீ புகார் மேசையில் இருக்கிறாய், சீட்டெல்லாம் உன்னிடம் வரும் என்று அம்மா எப்போதோ சொல்லியிருந்தாள்; நீ படிப்பாய் என்று தெரிந்துதான் எழுதினேன். வண்டி வாங்கின முதல் மாதமே கதவு சத்தம் போட்டது. அடுத்த மாதம் ஏசி நின்றது. போய்ச் சொன்னால் அது உன் மேசைக்கு வரும். நீ, "அப்பவே சொன்னேன்" என்று உதட்டைச் சுழிப்பாய். அதற்குப் பதில் அந்தச் சூட்டிலேயே உட்கார்ந்து போனாலும் பரவாயில்லை என்று இருந்தது. கதவை மாமியாரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். சீட்டில் நல்லதாக எழுதினேன். எழுதும்போது உன் முகத்தை நினைத்துக்கொண்டே எழுதினேன். எனக்கு அது இனித்தது.

நீ மட்டும்தான் படிப்பாய் என்று நினைத்தேன்.

வண்டி என் பெயரில் இருப்பதால் பதில் என் பெயருக்கு வந்தது. உன் மாமா பார்க்கவில்லை. அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். போலீஸ் அவர்மேல் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறது. அவர் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். வேலைக்குப் பஸ்ஸில் போகிறார்.

உனக்குத்தானே எல்லாம் தெரியும். ஏதாவது செய்.

அக்கா


ஜூலை 15

அக்கா,

செய்துவிட்டேன்.

வாத்தியார், பல் டாக்டர், கைக்குழந்தைக்காரி, இன்னும் பலர் சேர்ந்து கம்பெனிமேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். என் மேசைக்கு என்னென்ன வந்தது, அதை நான் எப்படி மூடினேன் என்று எழுதி, பெயரும் கையெழுத்தும் போட்டு அவர்கள் வக்கீலிடம் கொடுத்தேன். மறுநாளே என்னை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். மேனேஜர் வாசல்வரை வந்து, "இவ்ளோ நாள் சாப்பிட்ட சோறு" என்று ஆரம்பித்தார். "சாப்பிட்டது திட்டு சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். டிபன்பாக்ஸை மறந்துவிட்டேன். கேட்டால் கொடுக்க மாட்டார்கள்.

இப்போது கம்பெனி வக்கீல் எழுதியிருப்பதைக் கேள். "இப்பெண் தன் அக்காள் வாகனம் வாங்கியதில் ஏற்பட்ட தனிப்பட்ட பொறாமையால் கம்பெனியின்மீது அவதூறு சொல்கிறார். அக்காளோ வாகனத்தைத் தொடர்ந்து பாராட்டியுள்ளார்." நம் குடும்பச் சண்டை கோர்ட்டுக்குப் போய்விட்டது, அக்கா. அன்று உன் மாமியார் ஷோரூமில், "தங்கச்சிக்குப் பொறாமை" என்று எல்லோரிடமும் சொன்னது கம்பெனிக்கு உதவியாக இருக்கிறது. அன்று என் முகத்தைப் பார்த்த விற்பனையாளரும் சாட்சி சொல்கிறார்.

வழக்குப் போட்டவர்களின் வக்கீல் சொல்கிறார், உன் சீட்டுகள் நிற்கிறவரை என் வார்த்தை செல்லாது. நீ ஒரு வரி எழுதித் தந்தால் போதும். சீட்டில் எழுதியது உண்மை இல்லை, வண்டி முதல் மாதத்திலிருந்தே கெட்டுப்போய்த்தான் இருந்தது. ஏன் பொய் எழுதினாய் என்று கேட்பார்கள், காரணத்தையும் எழுத வேண்டும்.

இன்னொன்று. கம்பெனி வண்டியின் நசுங்கலை நிமிர்த்தி, பெயின்ட் அடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்று எதிர்வீட்டு அம்மாளிடம் அம்மா போனில் சொன்னாளாம். உண்மையா? யார் ஓட்டுகிறார்கள்?

சின்னவள்


ஜூலை 28

சின்னவளுக்கு,

நான்தான் ஓட்டுகிறேன். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட, கூட்டிவர. மேடில்லாத வழியாகத்தான் போகிறேன். வாசலில் துணி போர்த்தி நிறுத்தி வைத்தால் தெருவில் கேட்கிறார்கள். "என்ன, வண்டி படுத்துருச்சா?" என்று பால்காரர்கூடக் கேட்கிறார். அதைவிட ஓட்டுவது எவ்வளவோ மேல். பார்க்க இப்போதும் புதுசாகத்தான் இருக்கிறது.

நீ கேட்பது உனக்கே நன்றாக இருக்கிறதா? தங்கச்சி வயிறு எரியட்டும் என்று பொய் எழுதினேன், அதற்காகக் கெட்டுப்போன வண்டியில் பிள்ளைகளையும் பெற்ற தாயையும் ஏற்றினேன் என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமா? கோர்ட்டில் அதைச் சத்தமாகப் படிப்பார்கள். உன் மாமா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் மாமியார் அதை வைத்தே மிச்ச ஆயுளை ஓட்டிவிடுவார். பெரியவனுக்கு விவரம் தெரிகிற வயது.

உனக்கென்ன, நீ வேலையைவிட்டு நல்லவளாகிவிட்டாய். வாத்தியாரும் டாக்டரும் உன்னைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அம்மா நேற்று சாப்பிடும்போது, "சின்னவ தைரியசாலி" என்றாள். சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தது நான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறாய்?

நல்ல பெயர் முழுவதையும் நீயே எடுத்துக்கொள். என் வாயால் வேறு அதை வாங்கப் பார்க்காதே.

அக்கா


ஆகஸ்ட் 8

அக்கா,

என்னை நல்லவள் என்று எழுத வேண்டாம். பொறாமைக்காரி என்றே எழுது. அவளுக்கு வேலை வெட்டி இல்லை, குடும்பமில்லை, என்னைப் பார்த்து எரிந்தாள் என்று எவ்வளவு வேண்டுமானாலும் எழுது. அதற்கும் நான் கையெழுத்துப் போடுகிறேன். அதோடு வண்டி கெட்டது என்று ஒரு வரி சேர்.

மாமாவிடம் நானே சொல்லிப் பார்த்தேன். அவர் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். மெலிந்துவிட்டார். "மாமா, உங்க தப்பு இல்ல. அந்த மாடலே அப்படித்தான். அவளுக்கும் தெரியும், கேட்டுப் பாருங்க" என்றேன். என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "உன் அக்காமேல இருக்கிற கோவத்துல சொல்றம்மா. அவளுக்குத் தெரிஞ்சா எங்கிட்ட சொல்லாம இருப்பாளா?" என்றார். டம்ளரைக் கீழே வைக்கும்போது சாய்த்துவிட்டார். மேசையெல்லாம் டீ. "உங்க அம்மாவ நான்தான் படுக்க வச்சேன்" என்று சொல்லிக்கொண்டே கைக்குட்டையால் துடைத்தார்.

நீ சொல்லாமல் இருக்க மாட்டாய் என்று நம்புகிற மனுஷன், அக்கா. அவரை நீ தினமும் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றுகிறாய்.

மேடில்லாத வழி என்கிறாய். உன் வண்டி முதலில் நின்றது மலையில் இல்லை, சாதாரணப் பாலத்தில். நீதானே எழுதினாய்?

நீ எழுதியது மாமாவின் கையில் கிடைத்தால் உன்னை என்ன நினைப்பார் என்று பயப்படுகிறாய். நினைக்கட்டும். திட்டட்டும். ஒரு வாரம் பேசாமல் இருக்கட்டும். பிறகு நிமிர்ந்து நடப்பார்.

பதில் எழுது.

சின்னவள்


ஆகஸ்ட் 21

அக்கா,

பதில் இல்லை. உன் நம்பரைத் திறந்துவிட்டேன். அழைத்தால் மணி அடித்து அடித்து நின்றுவிடுகிறது. அம்மாவின் போனில் உன் மாமியார் எடுத்து, "எல்லாரும் வண்டில வெளிய போயிருக்காங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். எங்கே என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

எங்கே போனீர்கள்?


செப்டம்பர் 2

அக்கா,

கைக்குழந்தைக்காரி இன்று வந்திருந்தாள். வாத்தியார் தன் வண்டியைக் கம்பெனி வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, சாவியைத் தூக்கி உள்ளே எறிந்துவிட்டு, மனைவியோடு வீட்டுக்கு நடந்தே போனாராம். காவலாளி பின்னாலேயே ஓடி, "சார், சாவி, சார், சாவி" என்று கத்தினானாம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வழக்கு அடுத்த வாரம் வருகிறது. எல்லோரும் என்னிடம், "உங்க அக்கா எழுதிக் கொடுத்துட்டாங்களா?" என்று கேட்கிறார்கள். வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வழக்குக்கு எழுத வேண்டாம். கோர்ட்டை விடு. வாத்தியாரை, டாக்டரை, என்னை, எல்லோரையும் விடு. இன்றைக்குச் சாயங்காலம் மாமா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து செருப்பைக் கழற்றும்போது, அவர் முன்னால் போய் நின்று, "உங்க தப்பு இல்ல, எனக்கு முதல்லயே தெரியும்" என்று சொல். அவ்வளவுதான். சொல்லிவிட்டு, சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரு வரி எழுது.

நாளைக் காலையில் குட்டியை நடந்தே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போ.

சொன்னாயா?